பண்டைய எகிப்தில் தொழில் பயின்ற இளைஞர்: டெயிர் எல்-மெதீனாச் சான்றுகள் வழி ஒரு நோக்கு

பண்டைய எகிப்தின் வரலாறு நெடுங்காலமாகப் பாரோ மன்னரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்தது. பிரமிட்டுகளையும் கோயில்களையும் கல்லறைகளையும் மன்னர்களே எழுப்பினர் என்பதுபோல நூல்கள் பேசின. அவற்றைத் தம் கைகளாற் செய்தோரைப் பற்றிக் கூற நேர்ந்தபோது, சாட்டைக்கு அஞ்சிக் கல்லிழுத்த அடிமைக் கூட்டம் என்ற ஒரே சித்திரத்துடன் அமைந்தன. இவ்விரு போக்குகளும் உழைப்பாளியை வரலாற்றினின்றும் வெளியேற்றுவனவே. முன்னையது அவனை மறைக்கின்றது. பின்னையது அவனை முகமற்றவனாக்குகின்றது. அவன் எவ்வாறு தொழில் கற்றான், எதனை விரும்பினான், யாரிடம் கோபங் கொண்டான் என்ற வினாக்களுக்கு இரண்டிலும் இடமில்லை.

இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள் இந்நிலையைப் பெரிதும் மாற்றின. அம்மாற்றத்துக்கு முக்கிய காரணமாய் அமைந்தது ஒரு சிற்றூர். இன்றைய லுக்சோர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையிலுள்ள வறண்ட பள்ளத்தாக்கொன்றில் அமைந்த டெயிர் எல்-மெதீனா என்பதே அது. புதிய இராச்சிய காலத்தில், அதாவது ஏறத்தாழ கி.மு. 1550 முதல் கி.மு. 1070 வரையில், மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து அணிசெய்த தொழிலாளர் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. அவ்வூரார் விட்டுச்சென்ற சான்றுகளைத் துணையாகக் கொண்டு, தொழில் பயிலப் புகுந்த ஓர் இளைஞனின் நம்பிக்கைகளையும் இடர்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றுகளின் இயல்பு

1905 முதல் 1909 வரை இத்தாலியரான ஸ்கியாபரெல்லியும், 1922 முதல் 1951 வரை பிரெஞ்சு அறிஞரான புறூயேரும் இவ்வூரில் அகழ்வாய்வு நடத்தினர். ஊரின் வடபுறத்தே இருந்த பெருங்குழியொன்றிலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கான எழுத்துத் துண்டுகள் கிடைத்தன. செக் நாட்டு அறிஞரான செர்னி தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவற்றை வாசித்தறிவதிலே செலவிட்டார்.

பப்பிரசுத் தாள் விலைமிக்கது. எனவே அன்றாடக் குறிப்புகளை எழுதுவதற்கு ஊரார் உடைந்த மட்பாண்டத்தின் ஓடுகளையும் சுண்ணக்கற் சில்லுகளையும் பயன்படுத்தினர். கல்லறை குடையும்போது தெறித்த சில்லே எழுதுபலகையுமாயிற்று. கூலிக் கணக்கு, வரவுப் பதிவு, கடன், வழக்கு, காதல், கடிதம், பள்ளிப் பயிற்சி ஆகிய யாவும் அவற்றிலே காணப்படுகின்றன. எகிப்தின் ஏனைய பகுதிகளில் நூற்றுக்கு ஒருவரே எழுத்தறிந்திருத்தல் கூடும் என மதிப்பிடுவோர், இவ்வூரில் அவ்விகிதம் பன்மடங்கு உயர்ந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்வர்.

எனினும் ஓர் எச்சரிக்கை இங்கு இன்றியமையாதது. எழுதியோர் பெரும்பாலும் பயிற்சியை முடித்தவர்களே. பயிலும் சிறுவன் எழுதியவை பிறர் சொற்களின் பிரதிகளாகும். அவனுடைய சொந்தக் குரலை நாம் நேராகக் கேட்பது அரிது. அவனைப் பற்றித் தந்தையும் ஆசானும் கணக்கரும் எதிரியும் கூறியவற்றினூடே அவனைத் தேட வேண்டியுள்ளது. யார், யாருக்காக, எந்நோக்கில் எழுதினர் என்ற வினாவை ஒவ்வொரு சான்றின்முன்னும் எழுப்பிக்கொள்வோமாயின், இக்குறைபாடே ஒரு துணையாக மாறக்கூடும்.

ஊரும் தொழிற் குழுவும்

மதில் சூழ்ந்த அவ்வூரில் ஏறத்தாழ எழுபது வீடுகள் இருந்தன. ஊருக்குள் நீரில்லை, கழுதைகளின்மீது ஏற்றப்பட்டுக் கீழிருந்து நீர் வந்தது. நீர் சுமப்போர், விறகு வெட்டுவோர், மீன் பிடிப்போர், துணி வெளுப்போர் முதலானோரை அரசே ஊருக்கென அமர்த்தியிருந்தது. மதிலுக்குள் வாழ்ந்த தொழிலாளர் 'உண்மையின் இடத்துப் பணியாளர்' என அழைக்கப்பட்டனர். அவர்கள் அடிமைகளல்லர், வீடும் கல்லறையும் கால்நடையும் உடையவர்கள், வழக்குத் தொடுக்கவும் நியாயமன்றில் அமரவும் உரிமை பெற்றவர்கள்.

தொழிற் குழு, கப்பலின் இரு பக்கங்களைப் போன்று, வலப்பக்கம் இடப்பக்கம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைவன் இருந்தான். தலைவர்களுக்கு இணையாக, கணக்கையும் நாளேட்டையும் பேணும் எழுத்தன் இருந்தான். கல்வெட்டுவோர், சாந்து பூசுவோர், வரைஞர், சிற்பியர் என்போர் அவர்களின் கீழ்ப் பணியாற்றினர். குழுவின் தொகை பெரும்பாலும் நாற்பது முதல் அறுபது வரையில் இருந்தது. எட்டு நாள் வேலை, இரு நாள் ஓய்வு எனப் பத்து நாட்கள் கொண்டதாக அவர்களின் வாரம் அமைந்தது.

நாணயம் வழங்காத அச்சமுதாயத்தில் கூலி தானியமாகவே அளிக்கப்பட்டது. ஏறத்தாழ எழுபத்தாறு இலீற்றர் கொள்ளும் 'கர்' என்ற அளவையால் அது அளக்கப்பட்டது. தலைவனுக்கு மாதந்தோறும் 5½ கர் கோதுமையும் 2 கர் வாற்கோதுமையும் வழங்கப்பட்டன. தொழிலாளிக்கு 4 கர் கோதுமையும் 1½ கர் வாற்கோதுமையும் உரியன. இப்பட்டியல்களிலே, தொழிலாளருக்குக் கீழே, 'இளைஞர்' என்றொரு பிரிவினர் இடம்பெறுகின்றனர். அவர்களுக்குரிய பங்கு 1½ கர் கோதுமையும் ½ கர் வாற்கோதுமையுமே. அஃதாவது தொழிலாளி பெற்றதிற் பாதிக்கும் குறைவு. நமது ஆய்வுக்குரிய இளைஞன் வரலாற்றில் முதன்முதலாகத் தோன்றுவது இவ்வாறு ஓர் அளவையாகவே. அவனுடைய வயதையும் திறனையும் ஆசையையும் கணக்கேடு அறியாது. அவனுக்கு அளந்த தானியத்தை மட்டுமே அது அறியும்.

ஓர் இடத்துக்கான காத்திருப்பு

அவ்வளவையே அவனது நம்பிக்கைக்கும் எல்லை வகுத்தது. இளைஞர் பங்கு ஒரு தனியாளின் வயிற்றுக்குப் போதுமானதாயிருக்கலாம். ஒரு குடும்பத்துக்குப் போதாது. வீடு, மணம், மக்கள், தனக்கென ஒரு கல்லறை ஆகிய யாவும் தொழிலாளர் குழுவில் முழு இடம் பெறுவதைப் பொறுத்திருந்தன. குழுவின் தொகையையோ தலைமை அமைச்சனே நிர்ணயித்தான். ஒரு தொழிலாளிக்கு மூன்று மகன்மார் இருப்பின் மூவருக்கும் இடங்கிடைக்கும் என்ற உறுதியில்லை. இடம் பெறாதவன் ஊரைவிட்டுச் செல்ல வேண்டும்; அன்றேல் மதிலுக்கு வெளியே நீர் சுமப்போரும் விறகு வெட்டுவோருமாகிய கீழ்நிலைப் பணியாளருள் ஒருவனாக வேண்டும்.

இந்த அச்சம் கற்பனையன்று. நான்காம் இராம்சேசின் ஆட்சியில், ஏறத்தாழ கி.மு. 1150 அளவில், குழுவின் தொகை 120 ஆக உயர்த்தப்பட்டது. அப்போது எத்தனையோ இளைஞர் தம் வாழ்வு மலர்ந்ததென எண்ணியிருப்பர். அடுத்த சில ஆண்டுகளுள், ஆறாம் இராம்சேசின் காலத்தில், அறுபது பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரைக் கீழ்நிலைப் பணிக்கு அனுப்புமாறு கட்டளை பிறந்தது. கல்லறை பெரிதாக வேண்டுமென ஒரு மன்னன் விரும்பியபோது உயர்ந்தோர், அரண்மனைக் களஞ்சியம் சுருங்கியபோது தாழ்ந்தனர். அவர்தம் தொழிற்றிறன் இரு பொழுதிலும் ஒன்றேயாகும்.

இடங்கள் அரியனவாயிருந்தமையால் அவற்றை வழங்குவோரின் கை ஓங்கிற்று. தன் சிறுவனைக் குழுவிற் சேர்ப்பதற்காக மேலோருக்குத் தன் சொந்த உடைமைகளிலிருந்து எவ்வெவற்றைக் கொடுத்தான் என ஒருவன் வரிசைப்படுத்திய சுண்ணக்கற் சில்லொன்று கிடைத்துள்ளது. அதிலே வெட்கமும் இல்லை, முறையீடும் இல்லை. கடன் கொடுத்ததைக் குறித்து வைப்பதுபோலவே அது குறிக்கப்பட்டுள்ளது. கையூட்டு என்று நாம் இன்று கூறுவதனை, மகனின் எதிர்காலத்துக்குச் செலுத்தவேண்டிய விலை என்றே அத்தந்தை கருதியிருத்தல் வேண்டும். பிறப்பால் உரிமையும், திறனால் தகுதியும் உடைய சிறுவனுக்குக்கூட மேலோரின் தயவு வேண்டப்பட்டது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கையின் கீழ்க் கல்வி

தொழில் பயில்வோனைக் குறிக்க எகிப்தியர் வழங்கிய சொல்லொன்று 'கையின் கீழுள்ளவன்' எனப் பொருள்படும். அவர்களது கல்விமுறையை இதனினும் செவ்விதாகக் கூறல் இயலாது. டெயிர் எல்-மெதீனாவில் தனியே பள்ளிக்கூடம் என்று சுட்டத்தக்க கட்டடம் எதுவும் அறியப்படவில்லை. தந்தை, பாட்டன், உறவினன், தலைவன் ஆகியோருள் எவனது கையின் கீழோ சிறுவன் கற்றான். ஆசானை 'தந்தை' என்றும் மாணவனை 'மகன்' என்றும் அழைக்கும் மரபு பரவலாக இருந்தது.

எழுத்துப் பயிற்சி, ஆசான் சொல்லியதையோ காட்டியதையோ நாள்தோறும் ஒரு பகுதியாகப் படியெடுப்பதாய் அமைந்தது. பல சில்லுகளின் இறுதியிலே நாட்குறிப்பு உண்டு. அவற்றிலிருந்து ஒரு மாணவனின் ஒருநாள் வேலை எவ்வளவினது என்பதை ஆய்வாளர் கணித்துள்ளனர். அடி உதவுவதுபோல வேறெதுவும் உதவாது என்பதே ஆசான்மாரின் கொள்கை. சிறுவனின் செவி அவனது முதுகிலே உள்ளது, அடித்தால்தான் கேட்கும் என்ற கருத்து அக்காலப் பயிற்சி ஏடுகளிலே எழுதப்பட்டுள்ளது. அவ்வாக்கியத்தையும் மாணவரைக் கொண்டே எழுதுவித்தனர் என்பது நோக்கற்பாலது.

இச்சிறுவர் பெரிதும் படியெடுத்த நூல்களுள் ஒன்று கேத்தியின் அறிவுரை. தொழில்களைப் பற்றிய அங்கதம் என ஆய்வாளர் அதனைக் குறிப்பிடுவதுண்டு. பன்னிரண்டாம் அரச மரபின் காலத்தில் இயற்றப்பட்டதாகக் கருதப்படும் இந்நூலில், தன் மகனைத் தலைநகரப் பள்ளிக்கு அழைத்துச்செல்லும் தந்தையொருவன், எழுத்தனின் தொழிலே தொழில்களுள் தலையாயது எனக் கூறி, ஏனைய தொழில்களை ஒன்றன்பின் ஒன்றாக இழித்துரைக்கின்றான். உலைவாயிலில் நிற்கும் கொல்லனின் விரல்கள் முதலையின் தோல்போலத் திரங்கியவை. அவன்மேல் வீசும் நாற்றம் மீன்முட்டையின் நாற்றத்தையும் விஞ்சும். நெசவாளி முழங்கால்களை வயிற்றோடு மடக்கி அடைபட்டிருக்கின்றான். வெளிச்சத்தைக் காண்பதற்கு வாயிற் காவலனுக்கு உணவு கொடுக்க வேண்டியவனாகின்றான். வெளுப்பவனோ ஆற்றங்கரையில் முதலைக்கு அயலான். இவ்வாறு அந்நூல் செல்கின்றது.

நூலின் வர்க்கச் சார்பு வெளிப்படையானது. உடலுழைப்பிலிருந்து விலகியிருத்தலே மேன்மை எனக் கருதிய நிர்வாகக் குழாத்தின் குரலே அது. ஆயினும் ஓர் உண்மையை அது தன்னையறியாமலே ஒப்புக்கொள்கின்றது. தொழிலாளியின் உடல் எவ்வாறு சிதைகிறது என்பதை எழுத்தர் நன்கறிந்திருந்தனர். அறிந்தும், அதனை மாற்றவேண்டிய அநீதியாகவன்றி, தப்பிச்செல்ல வேண்டிய விதியாகவே தம் மாணவருக்குக் காட்டினர்.

டெயிர் எல்-மெதீனாவில் இந்நூலைப் படியெடுத்தோர் கொல்லரதும் கல்வெட்டுவோரதும் வரைஞரதும் பிள்ளைகளே. தந்தையின் கைகளை இகழும் வாக்கியங்களை அழகாக எழுதியதற்கே அச்சிறுவன் பாராட்டுப் பெற்றான். இம்முரண்பாட்டை அவன் உணர்ந்தானா என்பதற்குச் சான்றில்லை. எனினும் அவனுக்கு அந்நூல் ஒரு நடைமுறைத் தேவையாகவும் இருந்தது என்பதை மறத்தலாகாது. எகிப்திய மொழியில் வரைஞனின் பதவிப் பெயர் 'உருவரைகளின் எழுத்தன்' என்பதாகும். கல்லறைச் சுவரிலே புனித வாசகங்களைப் பிழையின்றித் தீட்டுவதற்கு எழுத்தறிவு வேண்டும். ஆகவே இவ்வூர் வரைஞன், நூல் வகுத்த எல்லைக்கோட்டின் இருபுறமும் காலூன்றி நின்றவன். கையால் உழைத்தவன், எழுத்தையும் கற்றவன். மூளையுழைப்புக்கும் உடலுழைப்புக்கும் இடையே ஆளுவோர் எழுப்பிய சுவர் எத்துணைச் செயற்கையானது என்பதை அவனது தொழிலே மெய்ப்பிக்கின்றது.

சித்திரப் பயிற்சியும் இவ்வாறே கையின் கீழ் நடந்தது. மாணவன் ஒரே குறியைப் பன்முறை வரைந்து பழகிய சில்லுகள் பல கிடைத்துள்ளன. ஒரோவழி ஆசானின் உறுதியான கோடு மாணவனின் நடுங்கிய கோட்டின்மேல் ஓடக் காண்கிறோம். கல்லறைகளிலும் இதே முறையே கையாளப்பட்டது. ஹொரெம்ஹெப் மன்னனின் முற்றுப்பெறாத கல்லறையில், செந்நிறத்தில் வரைந்த முதற் கோடுகளும் அவற்றைத் திருத்திய கருநிறக் கோடுகளும் இன்றும் உள்ளன. மாணவனின் நேர்க்குரல் நமக்கு எட்டவில்லை என்று மேலே கூறினோம். அவனது கைத்தடத்தை மட்டும், திருத்தப்பட்ட பிழையின் வடிவிலே, நாம் காணல் கூடும்.

உடலும் உழைப்பும்

ஊரிலிருந்து மன்னர் பள்ளத்தாக்குக்குச் செல்லும் வழி செங்குத்தான மலைப்பாதை. வேலை நாட்களில் தொழிலாளர் வீடு திரும்பாது, மலைமுகட்டிலிருந்த கற்குடில்களில் இரவைக் கழித்தனர். இவ்வூர்க் கல்லறைகளிற் கிடைத்த எலும்புகளை அண்மைக் காலத்தில் ஆராய்ந்தோர், ஆண்களின் முழங்கால்களிலும் கணுக்கால்களிலும் மூட்டுத் தேய்வின் தடயங்களைக் கண்டு, இந்த ஏற்ற இறக்கத்தோடு அதனைத் தொடர்புபடுத்தியுள்ளனர். இளமையிலே தொடங்கிய நடை எலும்பிலே எழுதப்பட்டுவிட்டது.

சுண்ணக்கற் பாறையைச் செப்பு உளிகளாற் குடைந்து, உடைகல்லைக் கூடையில் அள்ளி வெளியேற்ற வேண்டும். உளிகள் அரசின் உடைமை. நிறுத்துக் கொடுக்கப்பட்டு, நிறுத்துத் திருப்பிப் பெறப்பட்டன. நிலத்தடி இருளில் எண்ணெய் விளக்கின் ஒளியிலே வேலை நடந்தது. விளக்குத் திரிகளையும் எழுத்தன் எண்ணியே கொடுத்தான். தூசியும் புகையும் மங்கிய ஒளியும் கண்ணைத் தாக்கின. இரண்டாம் இராம்சேசின் நாற்பதாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1240 அளவில், எழுதப்பட்ட வரவுப் பதிவொன்று இப்போது பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. வேலைக்கு வராதோரின் பெயர்களையும் காரணங்களையும் அது தருகின்றது. நோய், கண்நோய், தேள் கடித்தமை, உறவினரின் ஈமக்கடன், மது வடித்தல் எனக் காரணங்கள் பலவாகும். மேலோரின் சொந்த வேலைக்குச் சென்றமையும் அவற்றுள் ஒன்று. பிறிதோரிடத்தில் ஊழலெனக் கண்டிக்கப்பட்ட செயல் இங்கு வழக்கமான ஒரு விடுமுறைக் காரணமாகப் பதிவாகியுள்ளது.

இவ்வாறு ஆட்களைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியோருள் பேர்பெற்றவன் கென்ஹெர்கெப்பெஷெப் என்ற எழுத்தன். அவனது வாழ்க்கை நமது பொருளுக்கு மிக நெருங்கியது. அவன் பனக்த் என்பவனின் மகன். குழுவின் எழுத்தனாயிருந்த ராமோசே, இரண்டாம் இராம்சேசின் ஐந்தாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1275 இல், அப்பதவிக்கு வந்தவன்; பிள்ளைப்பேறு வேண்டித் தெய்வங்களை வழிபட்டும் பேறு கிட்டாதவன். அவனிடம் தொழில் பயின்ற கென்ஹெர்கெப்பெஷெப், தன்னை அவனுடைய மகன் என்றே குறித்துக்கொண்டு, அவனுக்குப்பின் பதவியையும் பெற்றான். நாற்பதாண்டுகளுக்கு மேல் அதனை வகித்தான். நூல்களைச் சேர்த்துப் பேணினான்; கனவுகளுக்குப் பலன் கூறும் நூலொன்றும் அவனது சேகரிப்பில் இருந்தது. பயிலும் இளைஞன் ஒருவன் கனவிலும் கருதக்கூடிய அனைத்தையும் அவன் அடைந்தான் எனலாம்.

அவனது கையின் கீழ் இருந்தோர் அடைந்தது யாது? பிரெஹொத்தெப் என்னும் வரைஞன் அவனுக்கு எழுதிய கடிதம் ஒரு சில்லிலே எஞ்சியுள்ளது. தான் அவனுக்குக் கழுதைபோல் ஆகிவிட்டதாக அவ்வரைஞன் முறையிடுகின்றான். வேலை இருந்தால் கழுதை அழைக்கப்படுகின்றது. உணவு இருந்தால் எருது அழைக்கப்படுகின்றது. மது அருந்தும் வேளையில் தன்னைத் தேடுவாரில்லை, வேலை வந்தாலோ தேடி வருகின்றனர் என்பது அவன் கூற்றின் சாரம். மரபுவழி மரியாதைச் சொற்களுக்கு நடுவே வெளிப்படும் இக்கசப்பு, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு தொழிலாளி தன் நிலையைத் தானே அறிந்துரைத்த அரிய சான்றாகும். பிறருடைய மகனாகி உயர்ந்த மாணாக்கன், ஆசானானதும் பிறரைக் கழுதையாக்கினான். அவனது குணத்தை மட்டும் குறைகூறி நாம் அமைதல் தகாது. உயர்வதற்கு வேறு வழியற்ற அமைப்பிலே, ஏணியின் மேற்படி என்பது கீழ்ப்படியில் உள்ளோனின் தோளேயாகும்.

ஒரு வீட்டின் இரு வளர்ப்புப் பிள்ளைகள்

குழுத்தலைவனாகிய நெபெர்ஹொத்தெப்பின் வீட்டு வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். அவனுடைய தந்தை நெப்நெபெரும் தலைவனாக இருந்தவன். நெபெர்ஹொத்தெப், குழுவின் தொழிலாளி ஒருவனின் மகனாகிய பனேப்பை வளர்த்து ஆளாக்கினான். ஹெசிசுநெபெப் என்ற அடிமைச் சிறுவன் ஒருவனையும் வளர்த்தான்.

பனேப்பைப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் பிரித்தானிய நூதனசாலையிலுள்ள சோல்ட் 124 என்னும் பப்பிரசு ஏட்டின் வழியாகும். நெபெர்ஹொத்தெப்பின் தம்பியாகிய அமென்னக்த் தலைமை அமைச்சனுக்குச் செய்த முறையீடு அது. தன் தந்தையும் தமையனும் வகித்த தலைமைப் பதவி தனக்கே உரியது என்றும், தமையன் பகைவராற் கொல்லப்பட்டபின் பனேப் ஐந்து பணியாட்களை அமைச்சனுக்குக் கொடுத்து அதனைக் கைப்பற்றினான் என்றும் அவன் வாதிடுகின்றான். தன்னை வளர்த்த தலைவனையே கொல்வதாகப் பனேப் மிரட்டியமை, அவனது கதவைக் கல்லால் உடைத்தமை, மன்னன் கல்லறையின் கற்களைத் திருடியமை, குழுவினரைத் தன் சொந்த வேலையில் ஈடுபடுத்தியமை, பிறர் மனைவியரை நாடியமை எனக் குற்றங்கள் நீள்கின்றன.

இவை முழுவதும் உண்மையாயிருக்கலாம், மிகையும் கலந்திருக்கலாம். பதவியை இழந்தவனின் எழுத்து இது. ஆனால் வழக்கின் அடித்தளத்தைக் கவனித்தல் வேண்டும். இரத்த உரிமை ஒருபுறம். வளர்ப்பும் பயிற்சியும் தந்த உரிமை மறுபுறம். அமென்னக்த் தன் திறமையைக் காட்டவில்லை. தன் பிறப்பையே காட்டுகின்றான். அவனது கூற்றை ஏற்பின், பனேப்பும் திறமையை நம்பவில்லை, பணியாட்களையே கொடுத்தான். கொடுக்கப்பட்ட அந்த ஐவரும் மனிதரே. இருவரது வாதத்திலும் அவர்களுக்குப் பெயரில்லை.

ஹெசிசுநெபெப்போ விடுதலை பெற்றுத் தொழிலாளர் குழுவில் இடம் பெற்றான். தன் மகனுக்கும் மகளுக்கும் தன்னை வளர்த்த தலைவனதும் அவன் மனைவியதும் பெயர்களைச் சூட்டினான். அந்நன்றியை நாம் ஐயுறவேண்டியதில்லை. ஆயின் ஒருவனது விடுதலை இன்னொருவனின் பரிவை மட்டுமே சார்ந்திருந்தது என்பதையும் அது உணர்த்துகின்றது. ஒரே வீட்டில் வளர்ந்த இருவருள் ஒருவன் பகைவனாகவும் மற்றவன் நன்றியுள்ள மகனாகவும் வரலாற்றிலே நிற்கின்றனர். இருவருக்கும் கதவு ஒன்றே. அதன் திறவுகோல் இருவரிடமும் இருக்கவில்லை.

'நாம்' என்ற சொல்

இதுவரை நாம் கண்ட நம்பிக்கைகள் தனியாளின் நம்பிக்கைகள். தந்தை கொடுத்த பொருள், ஆசான் காட்டிய அன்பு, மேலோரின் தயவு ஆகியவற்றால் ஒருவன் உயரலாம். அவன் உயர்வதால் மற்றவர் நிலை மாறாது. மூன்றாம் இராம்சேசின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157 இல், வேறொரு நிகழ்ச்சி நிகழ்ந்தது. தானியம் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. அவ்வாண்டின் முற்பகுதியிலேயே தட்டுப்பாடு தோன்றியபோது, குழுவின் எழுத்தன் ஹொரெம்ஹெப்பின் கோயிலுக்குச் சென்று 46 மூடை கோதுமை பெற்றுவந்தான். அது நீடிக்கவில்லை. பின்னொரு நாள், குழுவினர் வேலையை விட்டுக் காவல் மதில்களைக் கடந்து சென்று மூன்றாம் துட்மோசின் கோயிற் புறத்தே அமர்ந்தனர். தூரின் நகர நூதனசாலையிலுள்ள பப்பிரசு ஏடு இதனை நாள்வாரியாகக் கூறுகின்றது. பதிவுபெற்ற வேலைநிறுத்தங்களுள் மிகப் பழைமையானதென ஆய்வாளர் இதனைக் கொள்வர்.

பசியாலும் தாகத்தாலும் வந்தோம், உடையில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை, இதனை மன்னனுக்கும் அமைச்சனுக்கும் எழுதுங்கள் என அவர்கள் கோரினர். முந்திய மாதத்துக்குரிய கூலி வழங்கப்பட்டது. ஆயினும் மீண்டும் மீண்டும் அவர்கள் மதிலைக் கடக்க நேர்ந்தது. ஒரு கட்டத்தில், பசி மட்டும் காரணமன்று, மன்னனின் இவ்விடத்திலே தீமை நடைபெற்றுள்ளது எனவும் கூறினர். வயிற்றுக்கான கோரிக்கை நீதிக்கான கோரிக்கையாக வளர்வதை இங்குக் காண்கிறோம். கோரியவர் 'நான்' என்னவில்லை, 'நாம்' என்றனர்.

இந்நிகழ்ச்சிகளை எழுதியவனாகக் கருதப்படும் எழுத்தனுக்கும் அமென்னக்த் என்றே பெயர். மேற்குறித்த வழக்காளியின் வேறானவன். அவன் முன்னர் வரைஞனாயிருந்து, அதே மன்னனின் பதினாறாம் ஆட்சியாண்டில் எழுத்தன் பதவிக்கு உயர்த்தப்பட்டவன். தன் கையின் கீழிருந்த ஹொர்மின் என்ற மாணாக்கனுக்கு அவன் இயற்றிய அறிவுரை ஒன்றும் நமக்குக் கிடைத்துள்ளது. செவிமடுத்துக் கற்குமாறும், பெருவெள்ளத்தின் அருகே நிற்கும் பேரணைபோல உள்ளம் உறுதியாயிருக்குமாறும், எழுத்தனாகுமாறும் அது கூறுகின்றது. வெள்ளம் எது என்பதை நூல் விளக்கவில்லை. கூலியற்ற மாதங்களையும் மதிலைக் கடந்த தோழரையும் கண்ட ஒருவன், மாணாக்கனுக்கு அளிக்கக்கூடிய வழி இன்னும் கேத்தியின் வழியாகவே இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. அவன் தன் குடும்பத்துக்கு அவ்வழியை உறுதிப்படுத்தவும் செய்தான். அவனுக்குப்பின் அப்பதவி, பல தலைமுறையாக, இருபதாம் அரச மரபின் முடிவு வரையும் அதற்குப் பின்னரும் அவனது வழித்தோன்றல்களிடமே நிலைத்தது. ஒரு வரைஞனுக்குத் திறந்த கதவு பிற வரைஞரின் பிள்ளைகளுக்கு அடைபட்டது.

முடிவுரை

டெயிர் எல்-மெதீனாத் தொழிலாளரை எகிப்திய உழைப்பாளர் அனைவரதும் பிரதிநிதிகளாக நாம் கொள்ளல் ஆகாது. வயலில் உழுதோரையும் கல்லகழ்களில் மாண்டோரையும் நோக்க, அவர்கள் நற்பேறு பெற்றவர்களே. அவர்கள் உண்ட தானியம் உழவனிடமிருந்து பெறப்பட்ட வரியாகும். அவர்கள் குடித்த நீர் மதிலுக்கு வெளியே நின்றவனால் சுமக்கப்பட்டது. அவ்வுழவனின் பிள்ளை என்ன கற்றான், எதனை நம்பினான் என்பதைக் கூற அவனிடம் ஓர் ஓட்டுத்துண்டும் இல்லை. இதனை ஏற்றுக்கொண்டபின்னரே இச்சான்றுகளின் பயனை நாம் சரிவர மதிப்பிட இயலும்.

அப்பயன் இதுவாகும். தொழில் மரபு என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு இயல்பாகப் பாயும் அருவி எனப் போற்றுவோர் உளர். இளைஞர் பங்கின் அளவும், தந்தையின் பட்டியலும், வரைஞனின் கடிதமும், தம்பியின் முறையீடும் வேறொன்றைக் கூறுகின்றன. மரபு என்பது பங்கீடு செய்யப்பட்ட ஓர் உடைமையாகவும் இருந்தது. அதனை யார் பெறுவது என்பதைத் திறமை மட்டும் தீர்மானிக்கவில்லை. 'மகனே' என்ற அழைப்பு பலருக்கு உண்மையான அன்பாக இருந்தது. அதே அழைப்பு கூலி குறைந்த உழைப்பையும் மறைத்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் காண்பது வரலாறாகாது.

மன்னர்கள் குடையச் செய்த கல்லறைகள் பெரும்பாலும் பண்டைக் காலத்திலேயே கொள்ளையிடப்பட்டன. ஏறத்தாழ கி.மு. 1070 அளவில் டெயிர் எல்-மெதீனாவும் கைவிடப்பட்டது. மன்னரின் பொன் பெரும்பாலும் சென்றுவிட்டது. குப்பையென எறியப்பட்ட சில்லுகளோ எஞ்சின. மன்னனின் புகழை எழுதக் கற்றுக்கொண்ட கைகள், அதே எழுத்தால் தம் கூலியையும் குறையையும் குறித்து வைத்தமையாலேயே, அவ்விளைஞர்களைப் பற்றி இன்று நாம் பேச முடிகின்றது.